பெட்டியோடு ஓய்வுபெற்ற பல்செட்

நிபாரண் சாஹாவின் மேல்வரிசைப் பற்கள் ஒரு வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பாரம்பரியச் சின்னம் ஆயின. அந்த நேரத்தில் அவை அவர் வாயில் இல்லாமல் போனதுதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

அன்றைக்குத்தான் கல்கத்தா மெட்ரோவின் குளிர்வசதி இல்லாத பழைய வண்டிகளில் மிச்சமிருந்த கடைசி வண்டி, டம்டமிலிருந்து டாலிகஞ்சுக்குத் தன் கடைசி ஓட்டத்தை ஓடியது. முகப்பில் சாமந்தி மாலை, உள்ளே பாண்டு வாத்தியம், ஜன்னலுக்கு ஜன்னல் செல்பி. நிபாரண்பாபு ஷியாம்பஜாரில் ஏறினார். பௌபஜாரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பத்தோரு வருடம் கண்ணாடி வில்லை பொருத்தியவர் அவர். இந்த வண்டியில்தான் தினமும் போய் வந்தார். கடைசி நாளில் ஒரு முறை ஏறி இறங்காவிட்டால் மரியாதையாக இருக்காது என்று அவருக்குத் தோன்றியது. வேறு உள்நோக்கம் கிடையாது.

வண்டிக்குள் பட்டுப்புடவை கட்டிய பெண்கள் இருவர் ஆளுக்கு ஓர் எள்ளுருண்டை கொடுத்துக்கொண்டு வந்தார்கள். மாநகரப் பழம்பெட்டிப் பேணல் கழகத்தின் அன்பளிப்பு. வெல்லப்பாகு சற்று முற்றிய உருண்டை. நிபாரண்பாபு கடித்தார். பல் உருண்டையைப் பிடித்தது, உருண்டை பல்லைப் பிடித்தது. காளிகாட் வருவதற்குள் இரண்டும் ஒன்றாகக் கழன்று நாக்கில் உட்கார்ந்தன. நாசூக்கான மனிதர். கைக்குட்டையால் வாயை மூடி, செட்டை எடுத்து, அதிலேயே சுற்றி, ஜன்னல் ஓரத்து மேடையில் வைத்தார். பாகு கொஞ்சம் இளகட்டும் என்று நினைத்தார். டாலிகஞ்சில் கதவு திறந்ததும் பாண்டு வாத்தியம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிளாட்பாரத்தில் விட்டது.

நினைவு வந்து திரும்பினார். கதவு மூடிவிட்டது. ஒலிபெருக்கியில் யாரோ, "இந்த நொடி முதல் இந்த வண்டி காலத்துக்குச் சொந்தம்!" என்று முழங்கினார்கள். நிபாரண்பாபு கண்ணாடியைத் தட்டி, வாயைத் திறந்து காட்டி, "ப்பல்லு! ப்பல்லு!" என்று கத்தினார். பக்கத்தில் நின்ற பெண்மணி அவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், எவ்வளவு பாசம் பாருங்க இந்த வண்டிமேல," என்று கணவனிடம் சொன்னாள்.

பதினோரு நாளில் மகளுக்குக் கல்யாணம்.

ஹாத்திபாகானில் இருந்த பல் டாக்டர் கையை விரித்துவிட்டார். "அந்த செட்டு உங்க வாயில சரியா உக்கார மூணு மாசம் ஆச்சு, ஞாபகம் இருக்கா? புதுசு பண்ணினா கல்யாணத்தன்னைக்கு மந்திரம் சொல்றப்போ பந்தல்ல விழும். அதுவுமில்லாம நான் நாளைக்குப் புரி போறேன்."

மனைவி ஷெஃபாலிக்குச் சாப்பாட்டைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. மகளை வீட்டில் மிட்டு என்று கூப்பிடுவார்கள். அதைப் பல் இல்லாமலும் சொல்லலாம். ஆனால் கன்னிகாதானத்தில் முழுப்பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"எங்க, ஒரு தடவை சொல்லுங்க பாப்போம். தேபஸ்மிதா."

"ஏபஹ்மிஹா," என்றார் நிபாரண்பாபு.

"மாப்பிள்ளை பேரு? சந்தீபன்."

அவர் முயன்றார். பக்கத்தில் இருந்த சுண்ணாம்புச் சுவரில் எச்சில் தெறித்தது.

"வேற யாருக்கோ பொண்ணைக் குடுத்துட்டு வந்துடுவீங்க," என்று ஷெஃபாலி தலையில் கைவைத்தாள். "கிளம்புங்க, நானும் வரேன்."

டாலிகஞ்ச் நிலையத்தில் தொலைந்த பொருள்களுக்கென்று ஒரு ஜன்னல் இருந்தது. குமாஸ்தா மரியாதையானவர்தான்.

"எந்த வண்டியில விட்டீங்க?"

"ஏஹு... கடைஹி வண்டி."

"நேத்து, கடைசி வண்டி," என்று ஷெஃபாலி மொழிபெயர்த்தாள்.

"அது வண்டி இல்லீங்களே. நேத்து ஆறு மணி வரைக்கும் வண்டி. ஆறு மணிக்கு மேல பாரம்பரியம். வண்டியில தொலைச்சா எங்ககிட்ட வரலாம். பாரம்பரியத்துல தொலைச்சா பின்னாடி மஞ்சள் கட்டடத்துக்குப் போகணும்."

மஞ்சள் கட்டடம் பணிமனைக்குப் பின்னால் இருந்தது. எள்ளுருண்டை கொடுத்த பேணல் கழகத்தின் அலுவலகம் அது. கழகம் தொடங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. பேணுவதற்குப் பெட்டி எதுவும் கிடைக்கும் முன்பே அது ஐந்தாம் ஆண்டு விழா கொண்டாடி, மலர் வெளியிட்டு, மூன்று பேருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருதும் கொடுத்துவிட்டது. அதற்குள் உறுப்பினர்கள் இரண்டு அணியாகப் பிரிந்திருந்தார்கள். வந்த பெட்டியைத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது ஓர் அணி. ஓட்டினால் தேயும், ஆகவே நிறுத்தியே வைக்க வேண்டும் என்பது இன்னோர் அணி. பெட்டி வராத காலத்திலேயே இந்த விவாதத்தில் ஒருவருக்குச் சட்டை கிழிந்திருந்தது.

வரவேற்பறையில் தாபசி தாலுக்தார் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் வெள்ளைக் கையுறை. அந்தக் கையுறையோடேயே தேநீரும் குடித்தாள்.

"பல்லா?" என்றாள் அவள், பதிவேட்டைப் புரட்டியபடி. "வேர்க்கடலைத் தோல் பதினேழு... குரங்குக் குல்லா ஒண்ணு... பாதி கடிச்ச கொய்யா... இதோ. பொருள் எண் இருபத்து மூணு. செயற்கைப் பல்வரிசை, மேல், எள் ஒட்டியது."

"அஹுஹான்! அஹுஹான்!" என்று நிபாரண்பாபு எழுந்தார்.

"அதுதானாம்," என்றாள் ஷெஃபாலி. "குடுத்துடும்மா. எள்ளை நாங்க எடுத்துக்கறோம்."

தாபசியின் முகம் வெளிறியது. ஆனாலும் வங்காள வழக்கப்படி ஷெஃபாலியைச் சித்தி முறை வைத்தே கூப்பிட்டாள். "எள்ளை எடுக்கறதா? அது சமகாலச் சான்று மாஷிமா. அந்த வண்டியை நாங்க 'இறுதி மூச்சு நிலை'யில பேணறோம். ஆறு மணிக்கு உள்ள எது எப்படி இருந்ததோ அது அப்படியே இருக்கணும். தூசி உள்பட."

"அவருக்கு அது இல்லாம சாப்பிட முடியாதும்மா."

"நீங்க எங்க தலைமைப் பேணுநரைப் பாருங்க," என்று அவள் தயங்கியபடி சொன்னாள்.

தலைமைப் பேணுநர் டாக்டர் இந்திரநீல் லாஹிரி தோளில் மடிப்புக் கலையாத சால்வை போட்டிருந்தார். நிபாரண்பாபுவை நாற்காலியில் உட்காரவைத்து, சந்தேஷ் இனிப்புத் தட்டை நகர்த்தினார். மெத்தென்ற சந்தேஷ்தான், அதை மட்டும் நிபாரண்பாபுவால் சாப்பிட முடிந்தது.

"உங்க துக்கம் எனக்குப் புரியுது மோஷாய்," என்றார் லாஹிரி. "ஆனா ஒண்ணு யோசிங்க. உங்க வாயில இருந்தவரைக்கும் அந்தப் பல்லை யாராவது திரும்பிப் பாத்தாங்களா? இன்னைக்கு நீல வெல்வெட் மெத்தையில இருக்கு. மனு ஒண்ணு குடுங்க. விதிப்படி பாக்கறேன்."

மனுவின் ஏழாம் கேள்வி: 'பொருளைப் பயன்படுத்தியவர் உயிருடன் உள்ளாரா?' ஆம் என்று எழுதினால், உயிரோடு இருப்பவரின் பொருள் பாரம்பரியம் ஆகாது, ஆகவே அது கழகத்தில் இருக்க முடியாது, இல்லாத பொருளுக்கு மனு செய்ய முடியாது. இல்லை என்று எழுதினால் கையெழுத்துப் போட முடியாது. ஷெஃபாலி பேனாவைப் பிடுங்கி, 'பாதி' என்று எழுதினாள். மனு ஏற்கப்பட்டது.

இரண்டு நாள் கழித்துக் கள ஆய்வு. பொருள் கிடந்த இடத்தை மனுதாரர் அடையாளம் காட்ட வேண்டும். புயல் சின்னம் ஒன்று வங்கக் கடலில் நின்றதால் அன்று காலையிலிருந்து மழை. கொட்டகையில் அந்த வண்டியின் ஒரு பெட்டி மட்டும் கயிறு கட்டி நின்றது. மற்றப் பெட்டிகளைப் பற்றிக் கேட்டதற்கு, அவை கோப்பில் இருப்பதாகத் தாபசி சொன்னாள்.

நிபாரண்பாபு கயிற்றைத் தாண்டி உள்ளே காலை வைத்தார். மின்விசிறிகள் கூண்டுக்குள் அசையாமல் இருந்தன. கைப்பிடி வளையங்கள் வரிசையாகத் தொங்கின. அவருக்கு மனசு என்னவோ போல் ஆகி, பழக்கதோஷத்தில் ஜன்னல் கம்பியைத் தொட்டார். விரல் பட்ட இடத்தில் தூசி அகன்றது.

"ஐயோ!" என்று தாபசி அலறினாள். "ஏழு-ஆ தூசிப் படலம்!"

ஒருவர் ஓடிவந்து புகைப்படம் எடுத்தார். இன்னொருவர் அளவுகோல் வைத்துப் பார்த்தார். விரல் தடம் பொருள் எண் நாற்பத்திரண்டாகப் பதிவானது. அதே நேரத்தில் பெட்டியின் நடுவில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டு சொட்டாக இருக்கையின்மேல் விழுந்துகொண்டிருந்தது. இருக்கை ஊறி உப்பியிருந்தது.

"அங்க ஒழுகுதேம்மா," என்றாள் ஷெஃபாலி.

"தெரியும் மாஷிமா. தார்ப்பாய் கேட்டு எழுதியிருக்கோம். தார்ப்பாய் அந்தக் காலத்து நிறத்துல இருக்கணும்னு ஒரு கருத்து வந்துருக்கு. நிறத்துக்குத் துணைக்குழு போட்டிருக்காங்க."

"அதுவரைக்கும் ஒரு குடையையாவது விரிச்சு வைக்கக் கூடாதா?"

"வெச்சோம். புதுக் குடைன்னு நிக்கற அணி ஆட்சேபிச்சுது. பழைய குடைன்னா ஓடற அணி ஆட்சேபிக்குது." தாபசி குரலைத் தாழ்த்தினாள். "ராத்திரி மழை வந்தா எனக்குத் தூக்கம் வராது மாஷிமா. நிஜமாச் சொல்றேன்."

அவள் பொய் சொல்பவளாகத் தெரியவில்லை. ஷெஃபாலி அன்று முதல்முறையாக அவளை உற்றுப் பார்த்தாள்.

அடுத்தது உரிமை நிரூபணம். பல்லைப் போட்டுக் காட்டினால் தீர்ந்தது என்று நிபாரண்பாபு நினைத்தார். பொருளைத் தொடக் கூடாது. ஆகவே அவர் வாய்தான் வர வேண்டும் என்றார்கள். அவர் வாயில் சுண்ணாம்புக் கலவையை அடைத்து அச்சு எடுத்தார்கள். மல்லாந்து கிடந்த ஒருமணி நேரத்தில் மூன்று நிபுணர்கள் அவர் ஈறைப் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள். ஒருவர் அண்ணத்தை மொகலாயக் கட்டடக் கலையோடு ஒப்பிட்டார். அச்சும் பல்லும் மயிரிழை பிசகாமல் பொருந்தின.

லாஹிரி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். "நிரூபணம் ஆயிடுச்சு! சந்தேகமே இல்லை, உங்களுதுதான்!"

நிபாரண்பாபு கையை நீட்டினார்.

"இவ்வளவு நாள் அது யாரோ பெயர் தெரியாத பிரயாணியோட பல்லு," என்றார் லாஹிரி, நீட்டிய கையைக் குலுக்கியபடி. "இப்ப பேரு, ஊரு, வாய் எல்லாம் தெரிஞ்ச பல்லு. இந்த நாட்டுலயே, உபயோகிச்சவர் யார்னு ஆதாரத்தோட இருக்கற ஒரே மெட்ரோ பல்லு! இனிமே இதைக் கைவிட்டா வரலாறு என்னை மன்னிக்காது."

வீட்டில் அன்றைக்கு ஆசீர்வாதச் சடங்கு. மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். நிபாரண்பாபு வாயை இறுக்கிக்கொண்டு, எது கேட்டாலும் கண்ணை மூடித் தலையை மட்டும் ஆட்டினார். தட்டில் வந்த மீன் வறுவலைக் கும்பிட்டு ஒதுக்கினார். மாப்பிள்ளையின் சித்தப்பா திரும்பும்போது படியில் நின்று, "எங்க வீட்டுல ஆளாளுக்குப் பேசறாங்க. சம்பந்தியைப் பாருங்க, மௌன விரதம், புலால் மறுப்பு. பெரிய மனுஷர்," என்றார். உள்ளே அந்தப் பெரிய மனுஷர் ஆட்டுக்கறிக் குழம்பில் சோற்றைக் குழைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

மிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "பாபா, விடுங்க. பேரை மெதுவாச் சொல்லுங்க, போதும். எனக்குப் புரியும்."

நிபாரண்பாபு சொல்லிப் பார்த்தார். ஏழு தடவை சொன்னார். மிட்டு சிரிக்காமல் கேட்டாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் கழகத்தின் முழுக்குழு கூடியது. நீண்ட மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர். ஷெஃபாலிக்குப் பேச அனுமதி இல்லை. மொழிபெயர்ப்பாளராக உட்கார மட்டும் அனுமதித்தார்கள்.

"மனுதாரர் சம்பவத்தை விவரிக்கட்டும்," என்றார் லாஹிரி.

நிபாரண்பாபு எழுந்து எள்ளுருண்டையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கால்மணி நேரம் பேசினார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் எல்லோரும் கண்மூடிக் கேட்டார்கள். ஒலிப்பதிவாளர் நெகிழ்ந்துபோய், "அந்தக் காலத்துப் பிரயாணிகளோட பேச்சுவழக்கு. இனிமே கேக்கக் கிடைக்காது," என்றார்.

பிறகு ஓடும் அணியின் தலைவர் எழுந்தார். "பல்லுன்னா மெல்லணும். மெல்லாத பல்லைப் பேணி என்ன பிரயோஜனம்? ஓடாத வண்டியும் மெல்லாத பல்லும் ஒண்ணுதான்!"

நிபாரண்பாபு கைதட்டினார்.

"மெல்ல மெல்லத் தேயும்," என்றார் நிற்கும் அணியின் தலைவர். "முப்பத்தியாறு வருஷம் ஜனங்க ஏறி ஏறித்தான் இந்த வண்டி இந்த கதிக்கு வந்தது. ஏறாம இருந்திருந்தா இன்னைக்கும் புதுசா இருந்திருக்கும்."

இறுதியில் லாஹிரி சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"நண்பர்களே, இது ஒரு பல்லைப் பத்தின கேள்வி இல்லை. இன்னைக்கு இவர் பல்லைக் கேக்கறார். குடுத்தா, நாளைக்கு ஒருத்தர் குரங்குக் குல்லாவைக் கேப்பார். அடுத்த நாள் யாராவது வந்து, அந்த வண்டியில ஏறி எங்கயாவது போகணும்னு கேப்பாங்க. பொதுமக்கள் பயன்படுத்த ஆரம்பிச்சா எந்தப் பொதுச்சொத்தைத்தான் காப்பாத்த முடியும்? நான் இந்தப் பதவிக்கு வந்த ஆறு வருஷத்துல இந்தக் கழகத்துலேர்ந்து ஒரு பொருள் வெளில போனதில்லை. ஒரு வேலையும் வெளில போனதில்லை. அந்தப் பெருமையோடதான் நான் ஓய்வு பெறணும்."

பலத்த கைதட்டல். நிபாரண்பாபு உட்கார்ந்துவிட்டார். ஷெஃபாலி மொழிபெயர்ப்பாளர் என்பதையும் மறந்து, "பொண்ணு கல்யாணம் ஐயா!" என்று கத்தியதைப் பதிவேட்டில் 'இரைச்சல்' என்று குறித்தார்கள்.

அப்போது மேசைக் கடைசியில் வெள்ளைக் கையுறை ஒன்று உயர்ந்தது.

"ஸார், விதி பதினாலு, உட்பிரிவு ஈ," என்றாள் தாபசி. "ஒரு பொருளோட வரலாற்றுப் பயன்பாட்டை மக்களுக்கு நேரடியா விளக்கிக் காட்ட, நாப்பத்தெட்டு மணி நேரத்துக்கு மிகாம, வெளிக் காட்சிக்கூடத்துக்கு இரவல் அனுப்பலாம்."

அப்படி ஒரு விதி இருப்பது விதியை எழுதியவர்களுக்கே புதிதாக இருந்தது. வெளிக் காட்சி என்றால் திறப்பு விழா உண்டா என்று ஒருவர் கேட்டார். உண்டு என்றாள் தாபசி. தலைமை விருந்தினர் உண்டா என்று லாஹிரி கேட்டார். உண்டு, சாப்பாடும் உண்டு என்றாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

இப்படியாக ஷியாம்பஜார் கல்யாண மண்டபம் ஒரு நாளைக்குக் காட்சிக்கூடம் ஆனது. வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் பலகை வைத்தார்கள்: 'பொருள் எண் 23. நேரடி விளக்கம். காட்சிப்பொருளைத் தொடாதீர்கள்.' மாப்பிள்ளை ஊர்வலம் வந்து நின்றபோது வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. லாஹிரி கத்திரிக்கோலோடு இருபது நிமிடம் பேசினார். தலையில் டோபர் என்ற வெள்ளைக் கூம்புக் கிரீடம் சூடிய மாப்பிள்ளை சந்தீபன் வியர்வையோடு நின்றான். அவன் சித்தப்பா, "பொண்ணு வீட்டுக்காரங்க ஏதோ பெரிய இடம்டா," என்று கிசுகிசுத்தார்.

மேடைக்குப் பின்னால் தாபசி நீல வெல்வெட் பெட்டியைத் திறந்தாள். நிபந்தனைகளைப் படித்தாள். எலும்பு கடிக்கக் கூடாது. கடித்தால் மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பாயசம் ஆறிய பிறகே. தும்மும்போது மேற்பார்வையாளரின் முன் அனுமதி வேண்டும். எள்ளை ஒன்றும் செய்யக் கூடாது.

"எள்ளோடயா?" என்று ஷெஃபாலி கேட்டாள்.

தாபசி இருபுறமும் பார்த்தாள். பிறகு குழாயடியில் செட்டைப் பிடித்து, கையுறை விரலாலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். "போக்குவரத்தில் சேதம்னு எழுதிக்கறேன்," என்றாள்.

நிபாரண்பாபு வாய்க்குள் வைத்தார். 'டக்' என்று உட்கார்ந்தது. அவர் கன்னங்கள் பழைய இடத்துக்கு வந்தன. கோதூளி லக்னம். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மகளின் கையை மாப்பிள்ளையின் கைமேல் வைத்து, புரோகிதர் கேட்டபோது அவர் சொன்னார்:

"தேபஸ்மிதா."

ஒவ்வோர் எழுத்தும் மணி மாதிரி விழுந்தது. மிட்டு குனிந்த தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். லாஹிரி முன்வரிசையில் எழுந்து, "பாத்தீங்களா, பொருள் எவ்வளவு நல்லா வேலை செய்யுது!" என்று பெருமையோடு சுற்றிலும் சொன்னார்.

பந்தியில் தாபசி குறிப்பேட்டோடு நிபாரண்பாபுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராதாவல்லபிப் பூரி, நான்கு மெல்லல் என்று எழுதினாள். மீன் வறுவல், ஆறு மெல்லல். ஆட்டுக்கறி வந்தபோது நிபாரண்பாபு கண்ணைச் செருகிக்கொண்டு எலும்பைக் கடித்தார். அவள் எழுதப் பேனாவை எடுத்தாள். ஷெஃபாலி குனிந்து, அந்தக் குறிப்பேட்டை நகர்த்திவிட்டு, இலையைப் போட்டாள்.

"நீ எப்பம்மா சாப்பிட்டே? கையுறையைக் கழட்டு முதல்ல."

தாபசி கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்கு அப்புறம் அந்தப் பந்தியில் யார் எத்தனை மென்றார்கள் என்பதற்கு ஆவணம் எதுவும் இல்லை.

இரவல் கெடு மறுநாள் பகல் பன்னிரண்டு மணி. பதினொன்றரைக்கு மகள் புறப்பட வேண்டும். பூ ஜோடித்த கார் சந்துக்குள் ஒரு ரிக்‌ஷாவோடு மாட்டிக்கொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நின்றது. தாபசி வெல்வெட் பெட்டியைத் திறந்தபடி வாசல் ஓரமாகக் காத்திருந்தாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். நிபாரண்பாபு அவளைப் பார்த்தார். நேர்மையான மனிதர், கையைத் தானாகவே வாய்க்குக் கொண்டுபோனார்.

அந்த நேரம் பார்த்து மிட்டு திரும்பி ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பாபா, மழையில சுத்தாதீங்க. அம்மாகிட்ட சண்டை போடாதீங்க. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன், பேசுவீங்கள்ல?"

"பேசுவேன்டி தங்கம். தினமும் பேசுவேன்," என்றார் நிபாரண்பாபு. சொன்னதும் அழுகை வந்தது. அப்பாவும் மகளும் அழுததில் பன்னிரண்டு அடித்தது. கார் கிளம்பிச் சந்து முனையில் மறைந்தபோது பன்னிரண்டே கால்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாபசியிடம் வந்தார். "தப்பு என்னுதும்மா. இந்தா, எடுத்துக்கோ."

தாபசி காலிப் பெட்டியை 'டப்' என்று மூடினாள்.

"நேரம் தாண்டிடுச்சு மேஷோமோஷாய். இனிமே நான் வாங்கிக்க முடியாது. கெடுவுக்குள்ள வராத பொருளைக் 'காணவில்லை'ன்னுதான் பதியணும்."

"காணலையா? இதோ இருக்கேம்மா!"

"காணலைன்னு பதிஞ்சா விசாரணைக் குழு போடணும். குழுவுக்குத் தலைவர் போடணும். எங்க ஆபீஸ் சுவர்க் கடிகாரம் காணாமப் போய் அஞ்சு வருஷம் ஆச்சு. அது லாஹிரி ஸார் வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு, எல்லாரும் பாத்திருக்கோம், அதுல மணி பாத்துத்தான் டீ குடிப்போம். விசாரணை இன்னும் நடக்குது."

"உனக்கு ஏதாவது தொந்தரவு வந்துடுமேம்மா," என்றாள் ஷெஃபாலி.

"வரும் மாஷிமா. விசாரணைக் குழுவுக்குச் செயலாளரா என்னைத்தான் போடுவாங்க." அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "மிஞ்சின கறி கொஞ்சம் இருந்தா டப்பாவில போட்டுத் தரீங்களா?"

இரண்டு வாரம் கழித்துத் தடித்த அட்டையில் ஓர் அழைப்பிதழ் வந்தது. 'காணாமற்போன பொருள்: ஓர் அஞ்சலி.' நிபாரண்பாபுவுக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். போகாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று மனைவியோடு போனார்.

மஞ்சள் கட்டடத்தைச் சுற்றிக் கூட்டம் வளைந்து நின்றது. கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பேழை. உள்ளே நீல மெத்தை. மெத்தையில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தின்மேல் விளக்கு எரிந்தது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு மாணவர் கூட்டம் அதை வரைந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கொட்டகையில் பெட்டியைப் பார்க்க ஒருவரும் இல்லை. அங்கே தார்ப்பாய் நிறத்துக்கான துணைக்குழு மூன்று வண்ண அட்டைகளைக் கூரையில் ஒட்டிவிட்டுப் போயிருந்தது.

லாஹிரி உருக்கமாகப் பேசினார். பேழைக்குள் இருந்தபோது அந்தப் பல் நம் கழகத்துக்கு மட்டும் சொந்தமாக இருந்தது, காணாமல் போனபின் நாட்டுக்கே சொந்தமாகிவிட்டது என்றார். பேசி முடித்து இறங்கி நேராக நிபாரண்பாபுவிடம் வந்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க இழப்பு எங்க இழப்பு மோஷாய். கவலைப்படாதீங்க. எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சுடுவோம்."

நிபாரண்பாபு திகைத்தார். கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த மனிதர் இவர். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வாயை அகலத் திறந்து, மேல்வரிசை முழுதும் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கக் காட்டி, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் தெளிவாகச் சொன்னார்:

"தலைமைப் பேணுநர் ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். செட்டு இங்கதான் இருக்கு. என் வாயில."

லாஹிரி அவர் வாயைப் பார்த்தார். அருகில் வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் நன்றாகப் பார்த்தார். பிறகு தோளில் கைபோட்டு, யாருக்கும் கேட்காமல் அவரை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார்.

"மோஷாய், வெளில அப்படியெல்லாம் சொல்லாதீங்க," என்றார் அன்போடு. "விசாரணையைப் பாதிக்கும்."